தானாக இணைந்தது

பாஸ்வேர்டைக் கேட்க அவள் வாயெடுப்பதற்குள் லேப்டாப் இணைந்துவிட்டது.

மாடியின் காலி ஹால். புதுப் பெயிண்ட் வாசம். ஜன்னல் திட்டில் வைத்து அதைத் திறந்தாள், அவ்வளவுதான்.

திரையின் கீழ்மூலையில் வைஃபை குறி நிறைந்து நின்றது.

‘தெய்வா இல்லம்.’

வாசல் தூணில் கல்வெட்டாகப் பார்த்த அதே பெயர்.

வீட்டுக்காரர் தெய்வசிகாமணி பின்னறைச் சாவியை எடுத்துவரக் கீழே போயிருந்தார்.

உடுமலைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. கணவனுக்குக் காற்றாலை கம்பெனியில் மாற்றல். அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. பழைய வீட்டில் நெட் அடிக்கடி அறுந்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். இந்தத் தடவை ஒவ்வொரு அறையிலும் சிக்னல் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் என்று வந்திருந்தாள்.

ஆபீஸ் லேப்டாப்பை வெளியே எடுக்கக் கூடாது. அதனால் தம்பியுடையதைப் பையில் போட்டுக்கொண்டாள்.

தம்பி, பரிதி.

சென்னையில் அறையைப் பூட்டிக்கொண்டு எங்கோ கிளம்பியவன். ரயிலில் கேட்பாரற்றுக் கிடந்ததென்று லேப்டாப்பைப் போலீஸ் கொண்டுவந்து கொடுத்தது. மூன்று வருஷமாயிற்று. அவன் வரவில்லை.

அதிலிருந்து எதையும் அழிக்க அம்மா விட்டதில்லை.

பாஸ்வேர்டே இல்லாத வைஃபையாக இருக்கும் என்று நினைத்தாள். போனை எடுத்து அதே பெயரைத் தொட்டாள்.

போன் பாஸ்வேர்ட் கேட்டது.

லேப்டாப்பில் இணைப்பைத் துண்டித்தாள். மூடினாள். திறந்தாள்.

மறுபடியும் இணைந்தது. ‘தானாக இணை’ என்ற இடத்தில் டிக் விழுந்திருந்தது.

அந்த டிக்கைப் போட்டது அவளில்லை.

வெளியே காற்று சுழற்றி அடித்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் லேப்டாப்பைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

“நெட்டு பார்க்கோணும்னீங்களே அம்மணி, பாஸ்வேர்டு சொல்லட்டுங்களா?”

வெள்ளை வேட்டி. சாந்தமான முகம். கையில் ஒற்றைச் சாவி.

“யார் யாருக்குங்க தெரியும்?” குரலை வெகு சாதாரணமாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. “நிறையப் பேர் இழுத்தா ஸ்பீடு குறையும், அதுக்குத்தான் கேட்டேன்.”

“ஒருத்தருக்கும் தெரியாதுங்க. நெட்டுக்காரன் வந்து மாட்டுன அன்னைக்கு நானே போட்டது, இன்னும் மாத்தலை. கீழ நான் ஒருத்தன்தான். மேல இதுவரைக்கும் குடி வெச்சதில்லை. நீங்கதான் மொதல்ல.”

அவள் தலையாட்டினாள். அடிப்பது போலக் காட்ட, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க.”

“சின்ன எழுத்துல தெய்வா. அப்புறம் ஒரு ஸ்பேஸ். அதை மட்டும் நல்லா அமுத்தி அடிங்கம்மணி, ஒட்டிக்கும்.”

அவள் விரல் நின்றது.

ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். பரிதி டீயைக் கொட்டிய நாளிலிருந்து அந்தப் பட்டன் அப்படித்தான். ஆனால் அது வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் நின்ற இடத்திலிருந்து பட்டன் ஒன்றுகூடத் தெரியாது. மூடியின் முதுகு மட்டும்தான் தெரியும்.

தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்த மாதிரி இல்லை. எண்களைச் சொல்லிக்கொண்டே போனார். அவள் அடித்துக்கொண்டே வந்தாள். ஸ்பேஸை அழுத்தி அடித்தாள்.

“கிடைச்சுதுங்களா?”

“கிடைச்சிருச்சு.”

அவர் பின்னறையைத் திறந்துவிட்டார். லேப்டாப்பைக் கையில் ஏந்தியபடி உள்ளே போனாள். பெருக்கித் துடைத்த அறை. ஒரு தூசி இல்லை. சிக்னல் ஒவ்வொரு கோடாக இறங்கி, ஒற்றைக் கோட்டில் வந்து நின்றது.

“நடுவுல நின்னா வராதுங்க,” என்றார் பின்னாலிருந்து. “அந்த மூலைல, செவுத்துல சாஞ்சு உக்கார்ந்தா வரும்.”

யார் உட்கார்ந்து பார்த்தது என்று அவள் கேட்கவில்லை.

அந்த மூலைக்குப் போனாள். தரையில் உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்தாள். லேப்டாப்பை மடியில் வைத்தாள்.

கோடுகள் ஏறின. நிறைந்தன.

இங்கிருந்து பார்த்தால் கதவில் சாய்ந்து நிற்கிற அவர் மட்டும்தான் தெரிந்தார். அந்த அறைக்கு ஜன்னல் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள்.

எழுந்து ஓடிவிடலாம். கீழே தெரு இருக்கிறது, பகல் வெளிச்சம் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ இருக்கிறது. போலீசிடம் போய்ச் சொல்லலாம். என்னவென்று? ஒரு லேப்டாப் ஒரு வீட்டை அடையாளம் கண்டுகொண்டது என்றா?

அதற்குள் அவர் அறையைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை பெயிண்ட் அடித்துவிடுவார். உள்ளே இருந்தால்தான் தேட முடியும்.

லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“வீடு பிடிச்சிருக்குங்க. எப்போ வரலாம்?”

“உங்க சௌகரியம்தானுங்க. யார் யாரு இருப்பீங்க?”

“நானும் எங்க வீட்டுக்காரரும்தான்.”

அவர் கதவிலிருந்து நிமிர்ந்தார். மூடிய லேப்டாப்பைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தை, கொஞ்சம் அதிக நேரம். எங்கோ பார்த்த முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்ப்பவர் போல.

“கூடப் பொறந்தவங்க யாராச்சும் இருக்காங்களா, அம்மணி?”

பிறந்த வீட்டில் தினமும் ராத்திரி அம்மா பரிதிக்கும் சேர்த்துத்தான் அரிசி களைகிறாள். அவனைப் பற்றி ‘இருந்தான்’ என்று சொல்ல இதுவரை யாரையும் விட்டதில்லை.

“யாரும் இல்லீங்க,” என்றாள்.

சாவிக்குக் கையை நீட்டினாள்.