கீரிக்கு வந்த சாட்சி

காட்டோரத்தில் ஒரு பச்சிலைச் செடி இருந்தது. பாம்பிடம் கடி வாங்கினால் கீரி ஓடி வந்து அதைத்தான் மெல்லும். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே அப்படித்தான். ஒருநாள், செடியைப் பாதுகாக்கிறோம் என்று வேலி போட்டு, நாரையை அதிகாரியாக உட்காரவைத்தார்கள்.

இலை இல்லாவிட்டால் அடுத்த கடியோடு உயிர் போய்விடும். கீரி பதறிப்போய் வேலிக்கு வந்தது.

"பரம்பரையாகத் தின்றவர்களுக்கு அனுமதி உண்டு," என்றது நாரை. "எழுத்தில் ஏதாவது வைத்திருக்கிறாயா?"

"மென்னு முழுங்குறதை எவன்யா எழுதி வைப்பான்?"

"அப்படியானால் கண்ணால் பார்த்த சாட்சியைக் கூட்டி வா."

பார்த்தவன் ஒரே ஒருவன்தான். கீரி வெட்கத்தை விட்டு, பலமுறை தன்னிடம் தப்பிய கிழட்டுப் பாம்பின் புற்றுக்குப் போனது.

"என்ன மாப்பிள்ளை, பல்லைக் காட்டாம வர்றே?" என்ற பாம்பு, விஷயத்தைக் கேட்டதும் கிளம்பிவிட்டது. "நான் கடிச்சும் நீ சாகாத வயித்தெரிச்சல் எனக்குத்தானே தெரியும்!"

நாரை சாட்சியை முழுக்கக் கேட்டது. "வாய்வார்த்தை போதாது. செய்து காட்ட வேண்டும்."

கீரி கண்ணை மூடிக்கொண்டு காலை நீட்டியது. பாம்பு குறை வைக்காமல் கடித்தது.

"இலையைக் குடுய்யா, சீக்கிரம்!"

"இப்போதுதான் மனு முழுமையாகியிருக்கிறது," என்று நாரை கோப்பைக் கட்டியது. "உத்தரவு பதினைந்து நாளில் வரும்."

சொன்னபடி உத்தரவு வந்தது. அனுமதிதான். நாரை வேலியருகே நின்று கீரியை மூன்று முறை கூப்பிட்டது. பாம்பு மட்டும் வந்திருந்தது.

'மனுதாரர் ஆஜராகவில்லை' என்று எழுதிவிட்டு நாரை கோப்பை மூடியது.