நூற்றுப் பதினேழு வயது வரை

"இது பத்தாதும்மா" என்றார் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். கையிலிருந்த கைக்குட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

நிதி ஆலோசகரான இளம்பெண் மூன்றாவது முறையாகக் கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"உங்க பணத்துல பாதி வைப்பு நிதி, கால்வாசி அரசுப் பத்திரம், மிச்சம் பங்குச் சந்தை. வரி போக, விலைவாசி ஏறினாலும் இருபத்தெட்டு வருஷம் தாங்கும் சார். உங்களுக்கு இப்ப அறுபத்திரண்டு. தொண்ணூறு வரைக்கும் கவலையே இல்ல."

"சந்தை கவுந்துட்டா?"

"அதையும் கழிச்சுத்தான் சொல்றேன்."

"அம்பத்தஞ்சு வருஷம் வரணும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நூத்திப் பதினேழு வயசு வரைக்குமா? எமன்கிட்ட பேசி வச்சிருக்கீங்களா சார்?"

அவர் சிரிக்கவில்லை. "டீயை நிறுத்திடறேன். வாட்ச்மேன் வேலைக்கும் சொல்லி வச்சிருக்கேன். அந்தச் சம்பளத்தையும் சேத்துப் போட்டுப் பாருங்க."

கண்ணாடிக் கதவு திறந்தது. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, பசிக்குது. வீட்டுக்குப் போலாம்."

"இதோ, முடிஞ்சிருச்சு கண்ணு." அவர் தரையில் உட்கார்ந்து செருப்புகளைக் கழற்றி, சரியான காலில் மாட்டிவிட்டார். "அவங்கம்மாவும் இல்ல. எனக்கப்புறம் இவளுக்கு இந்தப் பணம்தாம்மா."

இளம்பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, வயதுக்கான கட்டத்திலிருந்த அறுபத்திரண்டை அழித்தாள்.

"அக்காவுக்கு என்ன வயசு சார்?"