மாப்பிள்ளை வீட்டார் முன்னால் ஒரு பாட்டு

கணவர் கிட்டாரை எடுத்ததும் அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

மகளின் கல்யாண வரவேற்பு. போத்தனூர் ரயில்வே காலனியில் அவர்கள் பழகிய வட்டத்தில், பெண்ணின் அப்பா ஒரு பாட்டுப் பாடிய பிறகுதான் கேக் வெட்டுவார்கள். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாட்டு ஒன்றே ஒன்று.

"இதைப் பாடித்தான் உங்க அத்தையப் புடிச்சேன் மாப்ள," என்று மைக்கில் சொன்னார்.

கூட்டம் கைதட்டியது. அதில் பாதிப் பேர் பெங்களூர்க்காரர்கள். கொட்டாவியைக்கூட இங்கிலீஷில் விடுகிறவர்கள்.

பாட்டோ, புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு இன்னொருவனைப் பார்க்கப் போகிற பெண்ணைப் பற்றியது.

கேட்க என்னவோ தேனாகத்தான் இருக்கும். கிட்டார் கொஞ்சும். அந்த மெட்டில் மயங்கி, அதைக் காதல் பாட்டு என்றே நினைத்துவிட்டார் பாவம். ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எஞ்சின் டிரைவர் ராட்ரிக்ஸ் கொடுத்த கேசட்டைத் தேயத் தேயக் கேட்டு, ஒரு வார்த்தை புரியாமல் மனப்பாடம் செய்தவர்.

அவள் காலனிப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் அவளையே பார்த்துக்கொண்டு பாடினார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

அப்புறம் கல்யாணம். மகள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொரு முறையும் "நல்லா இருக்குங்க" என்று பூசி மெழுகியே வந்திருக்கிறாள்.

இன்றைக்கு யாராவது சிரித்துவிட்டால்?

மனுஷர் உடைந்துபோவார்.

பாட ஆரம்பித்தார். முதல் சரணத்திலேயே சம்பந்தியம்மாவின் புருவம் உயர்ந்தது. பின்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் எழுந்தாள். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறி, அவர் பக்கத்தில் போய் நின்றாள்.

சிரிக்கிறவர்கள் ரெண்டு பேரையும் சேர்த்தே சிரிக்கட்டும்.

கிட்டார் மட்டும் ஒலிக்கிற இடம் வந்தது. அவர் மைக்கை விட்டு விலகி அவள் காதோரம் குனிந்தார்.

"அர்த்தம் மறுநாளே தெரிஞ்சுபோச்சு டீச்சர். ராட்ரிக்ஸ் விழுந்து விழுந்து சிரிச்சுட்டே சொன்னாரு. ஆனா நீ சிரிக்கவே இல்ல. அதுக்குத்தான் பொண்ணு கேட்டு வந்தேன்."

விரல்கள் பாட்டுக்குத் தந்தியில் ஓடிக்கொண்டிருந்தன.

அவள் அவரைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை விடவில்லையே, திருட்டு மனுஷர். அவளுக்குக் கோபம் வரவேண்டும். சந்தோஷம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். பல்லவியை அவளே எடுத்தாள், கொஞ்சம் சுருதி விலகித்தான்.

கூசாமல் பொய் சொல்கிற ஆளைப் பற்றிய வரி வந்தபோது, அவர் முகத்தைப் பார்த்தே பாடினாள்.