இந்த வீட்ல ஒண்ணும் தேறாது

"ஒத்தக் காசு கிடையாது, போய்யா! மாடி ஏறி வந்து உயிரை வாங்குறியே!"

கட்டின புருஷனைப் பார்த்துத்தான் அந்தம்மா இப்படிக் கத்தினாங்க.

அவர் கோபப்படலை. "பிரமாதம். ஆனா கடைசி வரியில இன்னும் கொஞ்சம் வெறுப்பு வேணும்" என்றார்.

"அதெல்லாம் உள்ள நிறைய இருக்கு. நேரம் வந்தா தானா வரும்."

ஒத்திகை நடக்குதுங்க. காரணம் இருக்கு.

ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிற இந்த மனுஷன் ஒரே ஒரு தடவை, யாரோ நீட்டின பாரத்துல விலாசம், போன் நம்பர் எல்லாம் எழுதி நன்கொடை குடுத்துத் தொலைச்சார். அவ்வளவுதான்! அன்னையிலேர்ந்து வாசல்ல ஒருத்தர், போன்ல ஒருத்தர், தபால்ல ஒருத்தர். இவருக்கோ "இல்லை"ன்னு சொல்ல வாயே வராது. சம்பளம் கைக்கும் வாய்க்குமே இழுபறி. மகளுக்குக் கண்ணாடி வாங்க எடுத்து வச்ச பணம் ரெண்டு மாசமா இப்படியே கரைஞ்சுபோச்சு.

அந்தப் பொண்ணு ஸ்கூல்ல போர்டு தெரியாம, பக்கத்துல இருக்கிறவளைப் பார்த்து எழுதுது. பக்கத்துல இருக்கிறவ எழுதுறது பூரா தப்பு.

"இந்தச் சனிக்கிழமை கண்ணாடி வந்தாகணும்! இல்லேன்னா நானே டப்பாவைத் தூக்கிட்டு வசூலுக்குக் கிளம்பிடுவேன்" என்றாங்க சம்சாரம்.

அங்கதான் பொறி தட்டுச்சு. கடையிலயே வசூல்காரங்க மாதிரி ஒரு அடையாள அட்டை அடிச்சு, போட்டோ ஒட்டி, லேமினேட் பண்ணி கழுத்துல மாட்டிக்கிட்டார். பழைய பிஸ்கட் டப்பா மூடியில ஒரு ஓட்டை. பெல் அடிச்சா, உள்ளே வசூல் கேட்டுத் திட்டு வாங்கின ஆள் மாதிரி இவர் வெளியே வரணும். வந்தவங்க கூடவே தெருமுனை வரை போய்ட்டுத் திரும்பிடணும்.

திட்டம் பிய்ச்சுக்கிட்டு ஓடுச்சு. மூணு நாள்ல அஞ்சு பேர் வந்த வழியே திரும்பிட்டாங்க.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெல் அடிச்சுது.

"போய்யா! உயிரை வாங்குறியே!"

சொன்ன மாதிரியே வெறுப்பு தானா வந்தது. அவர் டப்பாவோட வெளியே பாய்ஞ்சார். வாசல்ல நடுத்தர வயசு அம்மா ஒருத்தர். கையில குடை, டப்பா.

"வேணாங்க, இந்த வீட்ல ஒண்ணும் தேறாது. மகா கஞ்சப் பசங்க!"

"ஐயோ, இப்படியா பேசுவாங்க?" அந்தம்மா கதவை முறைச்சுப் பார்த்தாங்க. "வாங்க சார், போகலாம்."

ரெண்டு பேரும் படி இறங்கினாங்க.

"நீங்க எதுக்கு வசூல் பண்றீங்கம்மா?"

"வயசான கழுதைங்களுக்குக் கொட்டகை போட. கேட்டாலே சிரிக்கிறாங்க. நீங்க?"

அவசரத்துல பொய் வரலை. "ஒரு பொண்ணுக்குக் கண்ணாடி" என்றார்.

"அடடா! ஏதாவது சேர்ந்துச்சா?"

"இதுவரைக்கும் ஒண்ணுமில்லைங்க."

குழாய் போடத் தெருவைத் தோண்டிப் போட்டிருந்தாங்க. பூரா ஜல்லி. ரெண்டு அடி வச்சதும் இவர் "ஆ... ஊ..."ன்னு குதிக்க ஆரம்பிச்சார்.

அந்தம்மா குனிஞ்சு பார்த்தாங்க. வெறுங்கால்! பாய்ஞ்சு வந்த வேகத்துல செருப்பை மறந்திருக்கார்.

"என்ன சார் இது? காலுக்குச் செருப்புகூட இல்லாமலா வீடு வீடா ஏறி இறங்குறீங்க?"

"அது வந்து... வீட்ல இருக்குங்க..."

"பரவாயில்லை சார், என்கிட்ட என்ன கூச்சம்?"

மடமடன்னு பர்ஸைத் திறந்து, இருந்த சில்லறையை எல்லாம் இவர் டப்பாவுக்குள்ள போட்டாங்க.

பதறிட்டார் மனுஷன். "ஐயோ, வேணாம்மா! கழுதைங்க பணம்..."

"அதைத் தொடுவேனா? இது நான் பஸ்ஸுக்கு வச்சிருந்தது."

"அப்போ நீங்க எப்படிப் போவீங்க?"

"நடந்துடுவேன். என் காலுக்குத்தான் செருப்பு இருக்கே!"

குடையை விரிச்சுக்கிட்டு அந்தம்மா போயே போய்ட்டாங்க. இவர் ஜல்லியில நின்னது நின்னபடி. எல்லாம் பொய்ம்மான்னு கத்தணும்னு வாயைத் திறந்தார், வெட்கத்துல சத்தம் வரலை. காலும் எரிஞ்சுது, கண்ணும் எரிஞ்சுது.

மெதுவா நொண்டிக்கிட்டே மாடி ஏறினார். கதவு பாதி திறந்துச்சு.

"என்னங்க, போய்த் தொலைஞ்சாச்சா? எதுவும் குடுத்துடலையே?"

"நான் குடுக்கலை." டப்பாவை சம்சாரத்துகிட்ட நீட்டினார். "அவங்க குடுத்துட்டு நடந்து போறாங்க."