பன்னிரண்டாயிரத்து நானூறு அடி

"தினம் பன்னண்டாயிரத்து நானூறு அடி நடக்கற மனுசனுக்கு எப்படிங்க ரெண்டு கிலோ ஏறும்?"

எடை மெஷின் மேல் நின்றிருந்த கணவரைச் சுற்றி வந்து கேட்டாள் மனைவி. முள் எங்கே நிற்கிறது என்று அவரால் பார்க்க முடியாது. நடுவில் வயிறு மறைத்தது. அவள்தான் குனிந்து பார்த்துச் சொன்னாள், தொண்ணூற்றெட்டு.

"மெஷின் பழசு," என்றார் அவர்.

"நான் ஏறினா மட்டும் சரியாத்தானே காட்டுது?"

அவர் மெஷினை விட்டு இறங்கினார்.

மூன்று மாதமாக அவளும் படாத பாடு பட்டுவிட்டாள். எண்ணெயைக் குறைத்தாள், சர்க்கரையை ஒளித்து வைத்தாள், இரவுச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். மனுஷர் மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். ஆபீசில் மாடிக்கும் கீழுக்கும், ஃபைல் ரூமுக்கும் செக்‌ஷனுக்கும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பதாகச் சொன்னார். சாயங்காலம் வந்ததும் கால் கடுக்கிறது என்று வலது காலைத் தூக்கி அவள் மடியில் வைப்பார். அவளும் இரக்கப்பட்டுத் தைலம் தேய்த்துவிடுவாள்.

"இவ்வளவு நடந்தும் இளைக்கலைன்னா உள்ள ஏதோ வியாதிங்க." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டரைப் பார்த்துடலாம். எனக்குப் பயமா இருக்கு."

இது பரம்பரை உடம்பு, தண்ணீரைக் குடித்தாலே சதை போடும் என்று அவளைச் சமாதானப்படுத்திவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினார். ஸ்கூட்டரில்தான்.

குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு கிளார்க் அவர். ஒன்பது மணிக்கு நாற்காலியில் இறங்கினால் ஐந்து மணிக்குத்தான் கிளம்புவார் என்பதால் 'நங்கூரம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் சீட்டும் லேசுப்பட்ட சீட் அல்ல. ஜன்னல் ஓரம், தலைக்கு நேர் மேலே ஃபேன், கையை நீட்டினால் டீ. முன்பு அங்கே இருந்தவர் எப்போது ரிடையர் ஆவார் என்று பதினோரு வருஷம் காத்திருந்து பிடித்த இடம்.

அந்த சீட்டுக்குத்தான் ஆபத்து வந்தது. புதிதாக வந்த மேலாளர் அம்மாள் எல்லோருக்கும் மருத்துவப் பரிசோதனை நடத்தி, எடை கூடிய எட்டுப் பேரை வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கொரு பெடோமீட்டரைக் கையில் கொடுத்தார். தீப்பெட்டி அளவுதான். வலது கணுக்காலில் பட்டையால் கட்டிக்கொண்டால் எத்தனை அடி வைக்கிறோம் என்று எண்ணும். ஐந்து மணிக்கு டைப்பிஸ்ட் வந்து பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வாள். தினம் பத்தாயிரம் அடி, மூன்று மாதம். தேறாதவர்களை மீட்டர் ரீடிங்குக்கு மாற்றினால் தன்னால் இளைத்துவிடுவார்கள் என்று சிரிக்காமல் சொன்னார் மேலாளர்.

மீட்டர் ரீடிங் என்றால் என்ன என்று நங்கூரத்துக்கு நன்றாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாலு வருஷம் அதைப் பார்த்தவர். வெயிலில் தெருத் தெருவாக அலைய வேண்டும், வீட்டுக்கு வீடு இரும்பு மூடியைத் தூக்க வேண்டும், குப்புறக் கவிழ்ந்து எண்ணைப் படிக்க வேண்டும். மூன்று நாய்கள் அவரைக் கடித்திருக்கின்றன. அதில் ஒன்று இரண்டு முறை கடித்தது. செத்தாலும் அந்த வேலைக்குத் திரும்புவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

முடிவு செய்தால் சும்மா இருக்கிற ஆளா? முதல் வாரத்திலேயே பத்தாயிரத்தைத் தாண்டினார். அடுத்த வாரம் பன்னிரண்டாயிரம். டைப்பிஸ்ட் பெடோமீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டு போனாள். பக்கத்து சீட் கிளார்க்கோ லஞ்ச் நேரத்தில் வராந்தாவில் மூச்சு வாங்க வாங்க நடந்தும் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. பாவம், அந்த மனுஷன் ஆறு கிலோ இளைத்ததுதான் மிச்சம்.

இன்றோடு மூன்று மாதம் முடிகிறது. பதினோரு மணிக்கு மேலாளர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னதே நல்ல சகுனம் என்று நங்கூரம் நாற்காலி நிறைய உட்கார்ந்தார்.

மேலாளர் நோட்டைப் புரட்டினார். "ஒரு நாள்கூடப் பத்தாயிரத்துக்குக் குறையலை சார். ஆனா உங்க செக்‌ஷன்ல கேட்டா, நீங்க சீட்டை விட்டு எழுந்து பார்த்ததே இல்லைங்கறாங்க. அப்போ காலையில வீட்டுப் பக்கமே எல்லாத்தையும் நடந்து முடிச்சுடறீங்க, இல்லையா?"

"ஆமாங்க மேடம். நாலரைக்கே எழுந்துடுவேன்."

மேலாளர் மனம்விட்டுப் பாராட்டினார். அலுவலகத்துக்கே நீங்கள் ஒரு முன்னுதாரணம் என்றார். நங்கூரத்துக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்துபோயிற்று. இனி ரிடையர் ஆகிறவரை ஜன்னல் காற்றுதான்.

"மீட்டர் ரீடிங்குக்கு யாரை அனுப்பறதுன்னு ரொம்ப யோசிச்சேன்," என்று நோட்டை மூடினார் மேலாளர். "நடக்க முடியாதவங்களை அனுப்பி என்ன பிரயோஜனம்? ரெண்டாவது தெருவுலயே உட்கார்ந்துடுவாங்க. உங்க காலை ஒரு நாற்காலியில கட்டிப்போட்டு வச்சிருக்கிறதுதான் பாவம். நாளையிலேருந்து நீங்க போங்க சார். ஜன்னல் சீட்டைப் பக்கத்து சீட்காரருக்குக் குடுத்துடலாம்."

மூன்று மாதமாக உட்கார்ந்த இடத்திலேயே ஆடி ஆடி ஒன்பது லட்சம் அடி நடந்திருந்த அவருடைய வலது கால், மேசைக்கு அடியில் அப்போதுதான் முதல்முறையாக ஆடாமல் நின்றது.