மூடி

அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"குடிங்க மயில்சாமி. ரொம்ப நேரமா நின்னுட்டே இருக்கீங்க. அவசரமில்லை."

குரலில் கனிவு. காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் சடகோபனுக்குக் குறுக்கு விசாரணை முடியப்போகும்போதுதான் கனிவு வரும்.

எதிர்ப்பக்கம் அமர்ந்திருந்த அவள் நிமிரவில்லை. புது பாட்டில். மூடி உடைக்காதது. பார்க்காமலே தெரியும்.

கூண்டில் நிற்பவர் அவளுடைய கட்சிக்காரர். லேத் பட்டறையில் வேலை. லாரி மோதி வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனவர். அந்தக் கையால் இனி எதையும் திருக முடியாது என்பதுதான் வழக்கே.

இனி நடக்கப்போவதும் தெரியும்.

சாட்சி பாட்டிலை வாங்குவார். மரியாதைக்காக வலது கையில் வாங்குவார். பல்லைக் கடித்துக்கொண்டாவது திருகுவார். டக்கென்று மூடி உடையும். சடகோபன் நீதிபதியைப் பார்ப்பார். பிறகு கடைசியாக ஒரு வாக்கியம். அவருடைய எல்லாக் குறுக்கு விசாரணையும் அதில்தான் முடியும்.

"உங்க கைக்கு ஒண்ணுமில்லை, இழப்பீட்டுக்காக நடிக்கிறீங்கன்னு சொல்றேன்."

சாட்சி மறுப்பார். அதற்குள் மூடி சாட்சி சொல்லி முடித்திருக்கும்.

இதே அறையில் அவளுடைய அப்பா நின்றிருக்கிறார். மில் தொழிலாளி. பஸ் இடித்த கை. அன்றைக்கும் சடகோபன்தான். அன்றைக்கும் பாட்டில்தான்.

வீங்கிய கையோடு படுத்திருந்தவரிடம் ஏன் திறந்தீர்கள் என்று கேட்டாள்.

"அத்தன பெரிய மனுசர் கையால குடுக்கறப்ப வேண்டாங்கலாமா கண்ணு?"

கைக்கு ஒன்றுமில்லை என்று தீர்ப்பு வந்தது.

அவள் இப்போது இருக்கும் அலுவலகம் விபத்தில் அடிபட்டவர்களுக்கு மட்டும் வழக்காடுவது. அதன் இணையதளத்தில் ஒவ்வொரு வக்கீலின் படத்துக்குக் கீழும் அவர் முன்பு என்ன செய்தார் என்று போட்டிருக்கிறார்கள். ஒருவர் எலும்பு மருத்துவர். இன்னொருவர் வாகன ஆய்வாளர்.

அவள் படத்துக்குக் கீழே: ஆறு ஆண்டுகள், வழக்கறிஞர் சடகோபனிடம் ஜூனியர்.

கட்சிக்காரர்கள் முதலில் அதைத்தான் படிக்கிறார்கள். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஏன் அவரிடம் சேர்ந்தாள் என்பது அதில் இல்லை. சடகோபனும் கேட்டதில்லை. அவளுடைய முதலெழுத்து யாருடையது என்று அவருக்கு நினைவிருக்க நியாயமில்லை.

மயில்சாமி பாட்டிலை வாங்கவில்லை.

"மூடியத் தெறந்து குடுத்துட்டீங்கன்னா குடிச்சுக்கறனுங்க. எனக்கு இந்தக் கையில ஆகாதுங்க."

நேற்று அவள் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். இதில் பொய் ஒன்றுமில்லை. எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

சடகோபன் சிரித்தார். பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

காலி.

அவருடைய புது ஜூனியர் அடுத்த நீதிமன்றத்துக்கு வாய்தா வாங்கப் போயிருந்தான். அவன் வராந்தாவில் திரும்பி மறைந்த பிறகுதான் அவள் எழுந்து இந்த வழக்கை எடுத்துக்கொள்ளும்படி நீதிபதியிடம் கேட்டாள்.

நீதிபதி காத்திருந்தார்.

சடகோபன் மூடியைப் பிடித்துத் திருகினார். விரல்கள் வழுக்கின.

மறுபடியும்.

இடது கைக்கு மாற்றினார். இப்போது பாட்டில் வலது கையில் நிற்கவில்லை.

அவரிடம் இருந்த கடைசி இரண்டு ஆண்டுகளும் காலையில் அவருடைய தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தவள் அவள். அப்போதே அவருடைய வலது கையில் பிடி போய்விட்டிருந்தது. கையெழுத்து மட்டும் போட வரும். யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொன்னதில்லை. கதவைச் சாத்தச் சொல்வார்.

அவள் நிமிர்ந்தாள்.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பாட்டில் நசுங்கி முனகியது. சடகோபனின் கழுத்துப் பட்டைக்கு மேலே நரம்பு புடைத்தது.

இன்னும் கொஞ்சம், என்று நினைத்தாள்.

இன்னும் கொஞ்சம்.

மயில்சாமியின் முகம் மாறியது.

"அட, இப்புடிக் குடுங்கய்யா, நான்..."

வலது கை கூண்டுக் கம்பியை விட்டு எழுந்தது.

அப்பாவின் கை.

"அண்ணா, கையை இறக்குங்க."

தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. மயில்சாமி திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவள் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். சடகோபனின் கையிலிருந்து பாட்டிலை எடுத்தாள்.

டக்.

"தேங்க்ஸ்மா," என்றார் அவர்.

பழக்கம்.

அறை முழுவதும் அதைக் கேட்டது. கடைசியாக அவரும் கேட்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லைங்க மேடம்."

வலது கை கறுப்பு கவுனுக்குள் போயிருந்தது. அன்று அப்பா கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு இந்த அறையிலிருந்து வெளியேறினார்.

"இன்னும் ஏதாவது கேட்கணுமா?" என்றார் நீதிபதி.



சடகோபனின் அந்தக் கடைசி வாக்கியம் பாக்கி இருந்தது. தட்டச்சு செய்யும் பெண் விரல்களை விசைகளின் மேல் வைத்தபடி தலையைத் தூக்கிப் பார்த்தாள். மயில்சாமி இன்னும் கையை இறக்கவில்லை.

அவள் தன் இடத்துக்குத் திரும்பவில்லை. திறந்த பாட்டிலைச் சடகோபன் முன்னால், வலது பக்கமாக வைத்தாள்.

"கேளுங்க சார்," என்றாள்.