துண்டுக்குள் ஆறு

"சிரிக்காதீங்கம்மா, படம் ஆடுது," என்றார் ஸ்கேன் டாக்டர்.

கிருபாவதியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குடித்த தண்ணீர் அடிவயிற்றில் முட்டிக்கொண்டு நிற்க, அதன்மேல் ஜெல் ஜில்லென்று ஊர்ந்தது.

திரை டாக்டர் பக்கம் திரும்பியிருந்தது. மாமியார் சந்தனம்மாள் மட்டும் எட்டிப் பார்க்கிற இடத்தில் நின்றாள். வாயைத் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவதாக அவளுக்கு இரண்டு முறை எச்சரிக்கை வந்தாயிற்று.

ஆகவே, ஜெல் துடைக்கக் கொண்டுவந்த துண்டை மருமகளின் கைமேல் போட்டு, உள்ளே தன் கையை நுழைத்துக்கொண்டாள். மாட்டுத் தரகர் குடும்பம். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை; துண்டுக்குள் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள்.

தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. குழந்தையின் கையில் எத்தனை விரல்? ஆறு வேண்டும். இருவருக்கும் அதுதான் வேண்டுதல்.

கிருபாவதியின் கணவன் ஈஸ்வரபாண்டிக்கு வலது கையில் இரண்டு கட்டைவிரல். துண்டுக்குள் அதைத் தொட்ட புது வியாபாரிகள் பதறிப்போவார்கள்: "ஏலே, உள்ள இன்னொருத்தன் கை இருக்குடா!"

கிருபாவதி விலங்கியல் டீச்சர். சின்னமனூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதே மாமியாருக்குப் பாடம் எடுத்துவிட்டாள். கருவில் கை முளைக்கும்போது சுண்டுவிரல் பக்கமிருந்து ஒரு புரதம் கசியும். கிட்டே இருக்கிற செல்லுக்கு நிறைய, எட்ட இருப்பதற்குக் கொஞ்சம். கிடைத்த அளவை வைத்துத்தான் எந்த விரலாக ஆவது என்று செல்கள் முடிவு செய்யும். சில குடும்பங்களில் கட்டைவிரல் பக்கமும் ஒரு துளி கசிந்துவிடும். அங்கே ஒன்று கூடுதலாக முளைக்கும். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

"அப்ப அதுவும் வாயத் தொறக்காம துண்டுக்குள்ளதான் பேசுதாக்கும்," என்றாள் சந்தனம்மாள்.

குழந்தை கையை மூடியே வைத்திருந்தது. டாக்டர் வயிற்றை லேசாகத் தட்டினார். மறுபடி தட்டினார்.

துண்டுக்குள் சந்தனம்மாள் சட்டென்று மருமகளின் சுண்டுவிரலைப் பிடித்தாள். பிறகு மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி. கட்டைவிரல்.

நின்றுவிட்டாள்.

கிருபாவதி தன் கட்டைவிரலை இன்னும் நீட்டிக் கொடுத்தாள்.

மாமியாரின் இன்னொரு கையும் துண்டுக்குள் புகுந்தது. தன் கட்டைவிரலை மருமகளின் கட்டைவிரலோடு ஒட்டிவைத்து ஓர் அமுக்கு அமுக்கினாள்.

கிருபாவதி துள்ளிய துள்ளலில் கட்டில் கிறீச்சிட்டது.

"பயப்படாதீங்கம்மா," என்று டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "வலது கையில ஒரு விரல் கூட இருக்கு. பிறந்தப்புறம் சின்ன ஆபரேஷன்ல எடுத்துரலாம்."

"எடுக்கிறதா!" இருவரும் சேர்ந்து சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். டாக்டருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "அப்பா வெளியதானே இருக்காரு? கூப்பிடுங்க, அவருக்கும் காட்டிருவோம்."

ஆடிக் காற்றில் புளியமரம் ஈஸ்வரபாண்டியின் பைக்மேல் சாய்ந்தபோது கிருபாவதிக்கு ஏழாவது வாரம். விரல்கள் முடிவாகிற வாரம். ஆடி கழியட்டும், நல்ல சேதியை அவனிடம் அப்புறம் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். அதைக் கேட்காமலே அவன் போய்விட்டான்.

சந்தனம்மாள் திரையை நோக்கிக் கை நீட்டினாள்.

"ஏலே, உள்ள இன்னொருத்தன் கை இருக்குடா!"

படம் மறுபடி ஆடத் தொடங்கியது.